காலின்ஸ் வீட்டுக் கடிதங்கள்: வயோமிங் கோட்டைகள் வழியே

முதல் நாள்: டென்வர் – ஃபோர்ட் காலின்ஸ்

டென்வரிலிருந்து நேர் வடக்கே 65 மைல். பெயரில் கோட்டை இருக்கிறதே என்று தேடிப் போனால் ஏமாற்றம்தான். 1867-இலேயே ராணுவம் இங்கிருந்து கிளம்பிவிட்டது. இப்போது பல்கலைக்கழகம், சைக்கிள் பாதைகள், மதுவடிப்பு ஆலைகள் என்று ஊர் வேறு வாழ்க்கை வாழ்கிறது. இருந்தாலும் இந்தப் பயணத்தை இங்கே தொடங்குவதுதான் முறை. இந்தக் காலின்ஸ் யார் என்று தெரிந்துகொண்டால் மற்ற இடங்கள் தாமாகப் புரியும்.

வில்லியம் ஓ. காலின்ஸ், ஒஹையோ மாநிலம் ஹில்ஸ்பரோ ஊரின் வழக்கறிஞர். அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தபோது ஐம்பதைத் தாண்டியவர். தெற்கே சண்டைக்குப் போவோம் என்று நம்பித்தான் குதிரைப்படைக்கு ஆள் திரட்டினார். அரசாங்கமோ அவரை மேற்கே அனுப்பியது. வழக்கமான ராணுவம் போர்முனைக்குப் போய்விட்டதால், சமவெளியின் தபால் பாதைக்கும் தந்திக் கம்பிக்கும் காவல் இல்லாமல் போயிருந்தது. 1862 மே 30 அன்று அவருடைய படை லாரமி கோட்டைக்கு வந்து சேர்ந்தது. 17 வயது மகன் காஸ்பரும் கூடவே வந்தான். மனைவி கேத்தரின் 1863–64 குளிர்காலத்தை லாரமியில் கழித்தார். மூவரும் ஊருக்கு எழுதினார்கள். காஸ்பர் எழுதியதோடு நிற்காமல் வரையவும் செய்தான். இந்தப் பயணத்துக்கு அந்தக் காகிதங்கள்தான் வழிகாட்டி.

ஃபோர்ட் காலின்ஸ் முதலில் லபோர்ட் அருகே ஆற்றோரப் பாசறையாக இருந்தது. 1864 ஜூனில் காஷ் லா பூடர் ஆறு பெருக்கெடுத்து அதை அடித்துக்கொண்டு போனது. மேட்டு நிலம் பார்த்து மாற்றச் சொல்லி அந்த ஆகஸ்டில் ஆணையிட்டவர் காலின்ஸ். எல்லைப்புறப் பாசறைகளுக்கு இது வழக்கமான தொல்லை. தண்ணீரும் புல்லும் விறகும் ஆற்றோரத்தில்தான் கிடைக்கும், வெள்ளமும் அங்கேதான் வரும்.

ஒரு தேதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1862 ஜூலை. அதுவரை தபால் வண்டியும் தந்திக் கம்பியும் வட பிளாட் ஆற்றோரம் லாரமி வழியாகவே போயின. பழங்குடியினரின் தாக்குதல்கள் அதிகமானதும் தபால் வண்டிகளைத் தெற்கே, லபோர்ட் வழியாகப் போகும் பாதைக்கு மாற்றினார்கள். வண்டியையும் குதிரையையும் இடம் மாற்றுவது சுலபம். நூற்றுக்கணக்கான மைல் கம்பத்தையும் கம்பியையும் பிடுங்கி நட முடியுமா? தந்தி பழைய பாதையிலேயே நின்றது, அதைக் காக்கும் சிப்பாய்களும் அங்கேயே நின்றார்கள். அவர்களைத் தேடி வந்த கடிதங்கள் மட்டும் வேறு வழியில் போய்விட்டன.

இரண்டாம் நாள்: லாரமி கோட்டை

நெடுஞ்சாலை 25-இல் வடக்கே போய், வீட்லண்ட் தாண்டி 26-ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்ப வேண்டும். சுமார் இரண்டரை மணி நேரம். வீட்லண்டில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். லாரமி என்ற பெயரில் வயோமிங்கில் ஒரு பெரிய நகரமும் இருக்கிறது. வரைபடத்தில் அதைத் தட்டிவிட்டால் நூறு மைலுக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். கோட்டை என்று தெளிவாகக் குறிப்பிட்டுத் தேடுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. நிழலும் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் அவசியம். புல்லில் சலங்கைப் பாம்பு உண்டு, பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

சினிமாவில் பார்த்த மரவேலியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ராணுவக் காலத்து லாரமிக்குச் சுற்றுமதிலே இருந்ததில்லை. அணிவகுப்பு மைதானத்தைச் சுற்றிக் கட்டடங்கள், அவ்வளவுதான். 1834-இல் தோல் வியாபாரிகள் மரத்தால் ஒரு கோட்டை கட்டினார்கள். 1841-இல் வெயிலில் காயவைத்த மண்கல்லால் இன்னொன்று எழுந்தது. 1849-இல் ராணுவம் அதை 4,000 டாலருக்கு வாங்கிக்கொண்டு பக்கத்தில் புதிதாகக் கட்டத் தொடங்கியது. 1890-இல் கைவிட்டது.

இங்கே பலர் சறுக்குவது ஓர் இடத்தில். கண்ணில் படும் பெரும்பாலான கட்டடங்கள் காலின்ஸ் காலத்துக்குப் பிந்தியவை. நீளமான குதிரைப்படைத் தங்குமிடம் 1874. மேட்டில் சுவர் மட்டும் நிற்கும் மருத்துவமனையும் எழுபதுகளில் கட்டியது. பார்வையாளர் மையம் இயங்கும் சரக்குக் கிடங்கு 1884. ஆற்றின் மேல் உள்ள ராணுவ இரும்புப் பாலம் 1875. கேத்தரின் கண்ட லாரமியைப் பார்க்க வேண்டுமானால் மூன்று இடங்களில் நின்றால் போதும்: 1849-இன் ஓல்ட் பெட்லம், கோட்டைக் கடைக்காரரின் கடையில் உள்ள மண்கல் பகுதி, 1850-இன் வெடிமருந்துக் கிடங்கு.

ஓல்ட் பெட்லம் வெள்ளைப் பூச்சோடு இரண்டு மாடி, முன்னால் தாழ்வாரம். வயோமிங்கில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கட்டடம் இதுதான் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘பெட்லம்’ என்றால் அமளி. மணமாகாத அதிகாரிகள் தங்கியதால் வந்த கூச்சல்தான் பெயருக்குக் காரணமாம். ஒரு பாதியை 1864-இன் தலைமை அலுவலகமாகவும், மேலே காலின்ஸ் தம்பதியின் வசிப்பிடமாகவும் அமைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று அறையின் அளவைப் பாருங்கள். கோட்டைத் தலைவருக்கே இவ்வளவுதான் என்றால் மற்றவர் பாடு தெரிந்துவிடும். விதிப்படி லெப்டினன்ட்டுக்கு ஓர் அறையும் சமையலறையும், கேப்டனுக்கு இரண்டு அறை. பதவியில் மூத்தவர் ஒருவர் மாற்றலாகி வந்தால் தனக்குப் பிடித்த வீட்டைக் கேட்கலாம். அங்கிருந்தவர் தனக்கு இளையவரின் வீட்டைக் கேட்பார், அவர் இன்னும் இளையவரின் வீட்டை. ஒரே நாளில் நான்கு குடும்பம் பாத்திரம் பண்டத்தோடு இடம் மாறும். கடைசியில் இருப்பவருக்குக் கூடாரம்.

அதிகாரியின் மனைவிக்கு ராணுவச் சட்டத்தில் இடமே இல்லை. பாசறையைத் தொடர்ந்து வரும் கூட்டத்தில் ஒருவர், அவ்வளவுதான். விநோதம் என்னவென்றால், துணி துவைக்கும் பெண்ணுக்கு இடம் இருந்தது. ஒரு கம்பெனி என்ற படைப்பிரிவுக்கு நான்கு பேர்வரை, தினம் ஒரு ரேஷன், விறகு, ராணுவ மருத்துவரின் கவனிப்பு. துவைக்கும் கூலியைக் கோட்டையின் நிர்வாகக் குழு நிர்ணயிக்கும், சம்பள நாளில் சிப்பாயிடமிருந்து பிடித்துக் கொடுப்பார்கள். சாதாரணச் சிப்பாய் மனைவியோடு கோட்டையில் வாழ இது ஒன்றுதான் ஒழுங்கான வழி. 1878-இல் நாடாளுமன்றம் இதை நிறுத்தியது.

மூன்றாம் நாள்: லாரமியிலேயே, ஒரு கடிதத்தின் பாடு

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் கடைக்காரரின் கடைக்குப் போங்கள். தாள், பேனா, மை எல்லாம் இதுமாதிரிக் கடையில்தான் விற்பார்கள்.

1863 ஜூலைக்குப் பின் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 3 சென்ட், தூரம் எவ்வளவானாலும். அரை அவுன்ஸ் என்றால் 14 கிராம். தாண்டினால் இன்னொரு 3 சென்ட். மாதம் 13 டாலர் வாங்கும் சிப்பாய்க்கு இது தாங்கும் விலைதான். ஸ்டாம்ப் கிடைப்பதும் அதைக் காப்பாற்றுவதும்தான் கஷ்டம். 1862-இல் சில்லறைக் காசு புழக்கத்திலிருந்தே மறைந்ததால் ஜனங்கள் ஸ்டாம்பையே காசாகக் கொடுத்து வாங்கினார்கள். பையில் வியர்வை பட்டுப் பசை இளகி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். சிப்பாய்க்கு ஒரு சலுகை இருந்தது. உறைமேல் ‘சிப்பாய்க் கடிதம்’ என்று எழுதி, அதிகாரி கையெழுத்திட்டால் ஸ்டாம்ப் இல்லாமலே போகும். வாங்குகிறவர் காசு கொடுத்துக்கொள்வார்.

எடைதான் விலை என்பதால் தாளை மிச்சம் பிடிப்பார்கள். பக்கம் நிரம்பியதும் தாளைக் கால்வட்டம் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதுவார்கள். முதலில் பார்த்தால் கம்பி வலைபோல் இருக்கும். படிக்கும் முறை எளிது: தாளை ஒரு திசையில் வைத்து, கண்ணுக்கு நேராக ஓடும் வரியை மட்டும் தொடருங்கள். பக்கம் முடிந்தபின் திருப்புங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முயன்றால் ஒன்றும் விளங்காது. நகல் எடுத்துப் படிப்பவர்கள் இரண்டு திசைக்கும் இரண்டு நகல் வைத்துக்கொள்வது நல்லது.

மை பெரும்பாலும் இரும்பு மை. ஓக் மரத்துக் கழலைக்காய்ச் சாறு, அன்னபேதி உப்பு, கருவேலம் பிசின், தண்ணீர். எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டுக் கறுக்கும், பல வருஷம் கழித்துப் பழுப்பாகும். அதில் அமிலம் இருப்பதால் மை கனத்த இடத்தில் தாள் பொடிந்து ஓட்டை விழும். வயோமிங் குளிரில் மைக்கூடு உறைந்துவிடும், இளக வைத்தால் கசடு அடியில் தங்கி மேலே தண்ணீர் மையாக நிற்கும். வெளிக்காவல் நிலையங்களில் பென்சிலை நம்பியதில் ஆச்சரியமில்லை. பென்சில் அழுத்தினால் போதும், உறையாது, நனைந்தாலும் கரையாது. தாளைப் பொறுத்தவரை அறுபதுகளின் கடிதங்கள் அதிர்ஷ்டம் செய்தவை. அப்போது கந்தைத் துணியிலிருந்து செய்த தாள். அதன்பின் பரவிய மரக்கூழ்த் தாள் மஞ்சளித்து நொறுங்குகிறது. தாத்தாவின் கடிதம் நன்றாக இருக்க, பேரனின் கடிதம் உதிர்வது இதனால்தான்.

தேதி கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல். அக்காலத் தபால் முத்திரைகள் பலவற்றில் மாதமும் நாளும் இருக்கும், வருஷம் இருக்காது. எழுதியவர் வருஷம் போட மறந்திருந்தால் ஸ்டாம்பைப் பாருங்கள். தென்மாநிலத் தபாலகங்களில் சிக்கிய ஸ்டாம்புகள் பயன்படக் கூடாது என்று 1861-இல் பழைய வரிசையைச் செல்லாது என்று அறிவித்துப் புதியதை வெளியிட்டார்கள். பழைய வரிசை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய கடிதம். உறையும் தாளும் பிரிந்து கிடந்தால் இந்தத் தடயமும் போய்விடும். அதனால் பரணில் பழைய கட்டு கிடைத்தால் முதல் விதி, உறையைப் பிரிக்காதே.

பாதைக்கு வருவோம். ஹில்ஸ்பரோவிலிருந்து மிசூரி ஆற்றங்கரை வரை ரயில், அங்கே படகு, பிறகு பிளாட் ஆற்றோரம் தபால் வண்டி. ஜூல்ஸ்பர்க் வந்ததும் வண்டி தென்மேற்கே திரும்பிவிடும். லாரமிக்கான பையைச் சிப்பாய்கள் போய் எடுத்துவர வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு தாமதம்: மிசூரியில் பனிக்கட்டி மிதந்தால் படகு ஓடாது, கோடை வெள்ளத்தில் கிளை ஆறுகளை வண்டி கடக்காது. 1864 ஆகஸ்டில் பிளாட் பாதை முழுக்கத் தாக்குதல் நடந்தபோது வண்டிகளே வாரக்கணக்கில் நின்றன. கலிஃபோர்னியாத் தபாலைப் பனாமா வழியாகக் கப்பலில் அனுப்பினார்கள். அடுத்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஜூல்ஸ்பர்க்கே தாக்குதலுக்கு உள்ளானது, இரண்டாம் முறை ஊரைக் கொளுத்தினார்கள். சும்மா கோபமில்லை அது. 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் க்ரீக்கில் அமைதியாகத் தங்கியிருந்த ஷையேன், அரபஹோ பழங்குடி மக்களைக் கொலராடோப் படை கொன்று குவித்ததற்குப் பதில். அதில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். இந்தப் பழங்குடிகளை அப்போது ‘இந்தியர்’ என்றுதான் எழுதினார்கள். கோட்டைக் கடிதங்களில் ‘இந்தியத் தொல்லை’ என்று ஒற்றை வரியில் வருவதைப் படிக்கும்போது இந்தப் பின்னணியைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடிதங்களில் சாப்பாட்டுப் புலம்பல் நிறைய வரும், அதற்கும் காரணம் உண்டு. ஒருவருக்கு நாளைக்கு 20 அவுன்ஸ் மாட்டிறைச்சி அல்லது 12 அவுன்ஸ் உப்புப் பன்றி, 18 அவுன்ஸ் மாவு (போர்க்காலத்தில் சில வருஷம் 22). நூறு பேருக்கு 15 பவுண்டு பீன்ஸ், 10 பவுண்டு பச்சைக் காப்பிக்கொட்டை, 15 பவுண்டு சர்க்கரை. அளவில் குறையில்லை, காய்கறிதான் இல்லை. குளிர்காலம் முடிவதற்குள் பல் ஈறு வீங்கி ஸ்கர்வி என்ற சத்துக்குறை நோய் தலைகாட்டும். லாரமி 4,200 அடிக்கு மேலான உயரம், தண்ணீர் 96 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடும். சமவெளிக் கணக்கில் பீன்ஸை இறக்கினால் உள்ளே வேகாமல் இருக்கும், வயிற்றைக் கலக்கும். சமையலுக்குத் தனி ஆளும் கிடையாது, சிப்பாய்களே முறைவைத்துச் சமைத்தார்கள். ரொட்டி மட்டும் லாபம் தந்தது. 100 பவுண்டு மாவில் 130 பவுண்டுக்கு மேல் ரொட்டி வரும். எடைக்கு எடை கொடுத்துவிட்டு மிஞ்சிய மாவை விற்று, அந்தப் பணத்தில் புத்தகமும் தோட்ட விதையும் வாங்கினார்கள்.

நான்காம் நாள்: கெர்ன்சி – க்ளென்ராக்

லாரமி கோட்டையிலிருந்து மேற்கே 13 மைலில் கெர்ன்சி. ஊருக்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டி, மேற்கே குடியேறப் போனவர்களின் ஒரேகன் பாதையின் வண்டித் தடம் மணற்பாறையில் ஐந்தடி ஆழம்வரை வெட்டிக் கிடக்கிறது. இங்கே ஆற்றோரம் குறுகிவிடுவதால் எல்லா வண்டியும் ஒரே பாறை மேட்டில் ஏறியே ஆக வேண்டும். மற்ற இடங்களில் வண்டிகள் பரந்து போனதால் தடம் மங்கிவிட்டது. இங்கே இரும்புப் பட்டைச் சக்கரங்கள் ஒரே கோட்டில் தேய்த்தன. காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் அச்சு உரசிய கோடுகூடப் பக்கச் சுவரில் தெரியும். அருகிலுள்ள ரெஜிஸ்டர் க்ளிஃப் பாறையில் பயணிகள் பெயர் செதுக்கியிருக்கிறார்கள். பிற்காலத்து ஆட்களும் பக்கத்திலேயே செதுக்கித் தொலைத்திருப்பதால் தேதியைப் பார்த்துப் படியுங்கள்.

க்ளென்ராக்கில்தான் டியர் க்ரீக் தந்தி நிலையம் இருந்தது. கட்டடம் மிஞ்சவில்லை, நிற்கவும் அதிக நேரம் வேண்டாம்.

கம்பி வேலை எப்படி நடந்தது என்பது தெரிந்தால் இந்தப் பாதை முழுக்கச் சுவாரசியமாகிவிடும். கண்டம் கடந்த தந்தி 1861 அக்டோபர் 24 அன்று இணைந்தது. கம்பி அறுந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பது நிலையங்களின் வேலை. லாரமி ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிடும். டியர் க்ரீக் பதில் சொல்லி, அடுத்த பிளாட் பாலம் சொல்லாவிட்டால், இரண்டுக்கும் நடுவில் எங்கோ பழுது. அப்புறம் சிப்பாய்கள் கம்பிச் சுருளோடு கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். அறுத்தவர்கள் சில சமயம் அங்கேயே பதுங்கியிருப்பார்கள். கம்பமும் போயிருந்தால் இன்னும் மோசம், மரம் மலைச்சரிவில்தான் கிடைக்கும். ஆக, அரசாங்கத்தின் ஆணை நிமிஷத்தில் வந்துவிடும், அம்மாவின் கடிதம் வாரக்கணக்கில் வராது. ஒரே ஆள்தான் இரண்டையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பான்.

ஐந்தாம் நாள்: காஸ்பர்

ஆற்றின் மேல் லூயி கினார்ட் 1859-இல் சுங்கப் பாலம் ஒன்று கட்டினார். சுமார் 1,000 அடி நீளம், கற்கள் நிரப்பிய 28 மரக்கூண்டுகள் அதைத் தாங்கின. பாலத்தருகே இருந்த காவல் நிலையம்தான் பிளாட் பாலம் நிலையம்.

1865 ஜூலை 25 அன்று லெப்டினன்ட் காஸ்பர் காலின்ஸ் லாரமியிலிருந்து இங்கே வந்து சேர்ந்தார். வழியில் தங்கியவர், இந்த நிலையத்து ஆளே இல்லை. மறுநாள் காலை மேற்கிலிருந்து சார்ஜன்ட் ஏமஸ் கஸ்டர்டின் சரக்கு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. சுற்றிலும் ஆயிரத்துக்கும் மேல் லக்கோட்டா, ஷையேன், அரபஹோ வீரர்கள். துணைக்குப் போகும் பொறுப்பு அங்கிருந்த கான்சஸ் அதிகாரிகளைத் தாண்டி இந்த 20 வயது ஒஹையோக்காரர் தலையில் விழுந்தது. முன்பின் தெரியாத 25 பேர் அளவில் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். பழங்குடி வீரர்கள் மடிப்புக் குன்றுகளில் மறைந்திருந்தார்கள். காலின்ஸும் நான்கு சிப்பாய்களும் இறந்தார்கள், மற்றவர்கள் சண்டையிட்டுப் பாலத்துக்குத் திரும்பினார்கள். கஸ்டர்டின் கூட்டத்தில் தப்பியவர்கள் மிகச் சிலர். தந்தை வில்லியம் அந்த வசந்தத்திலேயே பணி முடிந்து ஊர் திரும்பியிருந்தார்.

தந்தை பெயரில் ஏற்கனவே ஒரு கோட்டை இருந்ததால் மகனுக்கு முதற்பெயரை வைத்தார்கள். ஆணையில் எழுத்துப் பிழை: Caspar என்பது Casper ஆகிவிட்டது. நகரம் பிழையையே வைத்துக்கொண்டது, கோட்டை அருங்காட்சியகம் குடும்பம் எழுதியபடி எழுதுகிறது. ஆங்கிலத்தில் தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

1867-இல் ராணுவம் கைவிட்ட கோட்டையும் பாலமும் எரிந்துபோயின. இன்று நிற்கும் மரக்கட்டடங்கள் 1936-இல் வேலைவாய்ப்புத் திட்டத்தில் மறுபடி கட்டியவை. எதைப் பார்த்துக் கட்டினார்கள்? காஸ்பர் 1863-இல் வரைந்த படங்களைப் பார்த்து. ஊரிலிருப்பவர்களுக்குத் தான் இருக்கும் இடத்தைக் காட்டிய அந்தப் படங்களில் கட்டடங்களின் அமைப்பு தெளிவாகவே இருக்கிறது. தந்தி அறை, வீரர் அறை, கடை என்று ஒவ்வொன்றாக நுழைந்து பார்க்கலாம். படம் தரைத்தளத்துக்கும் முகப்புக்கும் உதவும், உள்ளறைச் சாமான்களுக்கு உதவாது. அவை பொதுவாக அக்காலத்து நிலையங்களைப் பார்த்து வைத்தவை என்று எடுத்துக்கொள்வதே சரி. ஆற்றோரம் பாலத்தின் ஒரு துண்டையும் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். கூண்டுக்குள் கல் நிரப்பிய விதத்தை அங்கே அருகில் நின்று பாருங்கள். காஸ்பரில் காற்று எப்போதும் பலமாக அடிக்கும், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு திறங்கள்.

ஆறாம் நாள்: இண்டிபெண்டன்ஸ் ராக், பிறகு தெற்கே

காஸ்பரிலிருந்து 220-ஆம் எண் சாலையில் 55 மைல். சமவெளியில் தனியே கிடக்கும் கருங்கல் குன்று, சுற்றி வர ஒரு மைலுக்கு மேல். ஜூலை 4-க்குள் இங்கே வந்துவிட்டால் பனிக்கு முன் மலை தாண்டலாம் என்பது பயணிகளின் கணக்கு. மேலே ஏறினால் கிழக்கே ஸ்வீட்வாட்டர் நிலையம் இருந்த பக்கம் தெரியும். காஸ்பர் வரைந்த நிலையங்களில் அதுவும் ஒன்று. தண்ணீரும் கழிப்பறையும் சாலையோர ஓய்விடத்தில் உண்டு. செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

வந்த வழியே திரும்பாதீர்கள். மடி கேப் வழியாக ராலின்ஸ் இறங்கி, நெடுஞ்சாலை 80-இல் கிழக்கே லாரமி நகரம், அங்கிருந்து 287-இல் தெற்கே. 1862-இல் தபால் வண்டிகளை மாற்றிய பாதை ஏறக்குறைய இதுதான். எல்க் மலைக்கு வடக்கே அந்தப் பாதையைக் காத்த ஹாலெக் கோட்டை இருந்தது. கொலராடோ எல்லை தாண்டியதும் வர்ஜீனியா டேலில் அக்காலத்து வண்டி நிலையம் ஒன்று மரக்கட்டையோடு இன்னும் நிற்கிறது. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் வேகமாகப் போனால் தவறிவிடும். எல்லா நாளும் திறந்திருக்காது, பொதுமக்களை அனுமதிக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இந்த 80-ஆம் எண் சாலையைக் காற்றுக்கும் பனிக்கும் அடிக்கடி மூடுவார்கள். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை வருவதே உத்தமம்.